கர்நாடக சங்கீதம் படித்தவள் நான். மேற்கத்திய இசைத்தாளில் வரியின் தொடக்கத்தில் போடும் கிளெஃப் என்ற குறி விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒன்று போதாதா?

நானும் யாழ்ப்பாணத்தில் ச ரி க ம எழுதி வயலின் பழகியவள்தான். பிறகு கோயில் பாடகர் குழுவுக்கு ஓகன் வாசிக்கப் போனபோது இதே இடத்தில்தான் தடுமாறினேன்.

நீங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்லுவீர்கள் அல்லவா? அங்கிருந்தே தொடங்குங்கள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மேற்கத்தியப் பெயரில் சி, நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி. உயர்ந்த ஸ்வரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃப் என்பது சுருண்டுபோன பழைய ஜி எழுத்து. அதன் சுழி, ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகளில் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கும். அந்தக் கோடுதான் ஐந்து கட்டை. தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பேஸ் கிளெஃப் பழைய எஃப் எழுத்து. அதன் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவால் போகும் நாலாவது கோடு நாலு கட்டை. கோடும் நாலு, கட்டையும் நாலு.

ஏன் ஒன்று போதாது? ஐந்து கோடும் நாலு இடைவெளியும் ஒன்பது ஸ்வரத்துக்குத்தான் இடம் தரும். தடித்த ஆண்குரலை ட்ரெபிளில் எழுதினால் அடியில் குட்டிக் கோடுகளை அடுக்கிக்கொண்டே போகவேண்டும். பாடிக்கொண்டு அவற்றை எண்ண ஏலாது. நாங்கள் மந்திர ஸ்தாயிக்கு ஸ்வரத்தின் கீழே புள்ளி வைக்கிறோமே, அந்த வேலையைத்தான் பேஸ் கிளெஃப் தாள் முழுவதற்கும் செய்துவிடுகிறது.

எனக்கு வழி திறந்தது மிடில் சியில், அதாவது ஓகனின் நடுவில் உள்ள சியில். ட்ரெபிளுக்குக் கீழே ஒரு குட்டிக் கோடு, பேஸுக்கு மேலே ஒரு குட்டிக் கோடு: இரண்டும் ஒரே கட்டை. அதை ஓகனில் அழுத்திப் பார்த்த அன்றே பயம் போய்விட்டது.

கோடுகளின் பெயர்களை வசனம் வைத்துப் பாடமாக்காதீர்கள், கிளெஃப் மாறியதும் அது உதவாது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குவிதோ எஃப் கோட்டைச் சிவப்பிலும் சி கோட்டை மஞ்சளிலும் காட்டினார். நானும் அப்படியே கலர் பென்சிலால் கீறித்தான் பழகினேன். ஜி, எஃப், மிடில் சி மூன்றையும் கீறிவிட்டு மற்றதை அங்கிருந்து எண்ணுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு ஈஸ்டர் பயிற்சியில் டெனர்காரருக்கு, அதாவது உயர்ந்த ஆண்குரல் பாடுபவர்களுக்கு, நான் எடுத்துக் கொடுத்த சுருதிக்கு ஒருவருக்கும் குரல் எட்டவில்லை. மூத்த அண்ணை ஒருவர் தாளைக் காட்டி, “தங்கச்சி, கிளெஃபுக்குக் கீழ எட்டு கிடக்குது, பாருங்கோ” என்றார். அந்த 8 இருந்தால் எழுதியதை விட ஒரு ஸ்தாயி கீழே பாடவேண்டும்.