நாயோடு நடந்து எழுதுவது: கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தையிலும் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும், நாய்களோடு இயற்கைப் பூங்காவுக்கும் தோட்டப்புறத்துக்கும் போய்வருவதைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள், கதை எழுதுகிறவள், நாய் இல்லாத வீட்டில் இருந்தறியாதவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், கவிதைக்காக நடப்பதென்றால் தனியாக நடந்தாலே போதாதா? நாய் எதற்கு?

பதில்: தனியாக நடக்கும்போது நமக்குப் பழகிய இடங்களில்தான் நிற்கிறோம். ஆற்றங்கரை, பூத்த மரம், மேற்கே சிவந்த வானம் என்று அவற்றைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. நாய் நிற்கிற இடம் வேறு. அதன் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் இனத்துக்கேற்ப 10 கோடிக்கும் மேல் உண்டு. நமக்கோ 50, 60 லட்சம்தான். ஆகவே நம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் அது கால் ஊன்றி நிற்கும். நாமும் குனிந்து பார்த்தால், அங்கே ஏதோ ஒன்று நடந்து முடிந்திருப்பது தெரியும்.

எங்கள் நாய் மணி ஒருநாள் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், கூகைப் பெட்டி பொருத்திய கம்பத்தின் அடியில் நின்றுவிட்டான். எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகத் தோட்டங்களில் இப்படி மரப்பெட்டிகளை வைத்துக் கூகைகளைக் குடியேற்றுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நானும் அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்தபடியே பலமுறை கடந்து போயிருக்கிறேன். மணி முகர்ந்ததோ கீழே கிடந்த, கட்டைவிரல் பருமனுள்ள சாம்பல் நிற உருண்டைகளை. கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகவே வெளியே தள்ளிவிடும். ஒரு குச்சியால் பிரித்தபோது, உள்ளே ஒரு சிறு தாடையெலும்பும் அதில் ஆரஞ்சு நிற முன்பற்களும் சேதமில்லாமல் இருந்தன. கூகையைப் பற்றி எழுத உட்காருகிறவர் வழக்கமாக இருட்டையும் அலறலையும் எழுதுவார். அந்தப் பற்களை எழுத வேண்டுமானால், தரையைப் பார்க்க வைக்கும் துணை ஒன்று வேண்டும்.

கேள்வி: கைப்பேசியில் படம் எடுத்துவந்து, வீட்டில் அதைப் பார்த்து எழுதுகிறேன். எழுத்தில் உயிரே இல்லை. ஏன்?

பதில்: படத்தில் மணமும் ஒலியும் காற்றின் திசையும் பதிவாவதில்லை, நாயோடு போனதன் பயன் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. நம் பழைய அகப்பாடல் மரபு இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்து வைத்திருக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள பறவை, விலங்கு, மரம், பூ, தொழில் எல்லாம் கருப்பொருள், மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். வெளியே இருக்கும்போது முதல் இரண்டை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்றாவதை அங்கே தொடவே வேண்டாம்; வீட்டில் எழுத உட்காரும்போது அது தானாக வந்து சேரும்.

குறிப்பு கூர்மையாக இருக்கட்டும். செம்பனை இலைகளைத் தின்னும் பைப்புழுக்களை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தோட்டப் பாதையோரம் நட்டிருக்கும் தர்னேரா செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் வெள்ளைப் பூ காலையில் விரிந்து நண்பகல் வாக்கில் மூடிக்கொள்ளும். பூ விரிந்திருந்ததா, மூடியிருந்ததா என்று எழுதினால் பொழுதையும் எழுதியதாகிவிடும்.

நிறத்திலும் ஒரு பயிற்சி உண்டு. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பு மங்கிப்போகும். பழுத்த செம்பனைக் குலையை அதன் கண்ணால் பார்த்து ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். சிவப்பை எடுத்துவிட்டவுடன், உதிர்ந்த பழத்தின் எண்ணெய் வாடையும் அதை மொய்க்கும் எறும்பும் எழுத்துக்குள் வருவதைக் காண்பீர்கள்.

கேள்வி: எந்தப் பூங்காவுக்கு நாயைக் கூட்டிச் செல்லலாம், அக்கா?

பதில்: நுழைவாயிலில் உள்ள அறிவிப்பைப் படித்த பிறகே வண்டியிலிருந்து நாயை இறக்குங்கள், ஊராட்சி மன்றங்கள் பராமரிக்கும் பல பூங்காக்களில் நாய்க்கு அனுமதி இல்லை. ராஜா மூசா போன்ற வனக் காப்பகங்களுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதே 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா போல நீர்ப்பறவைகள் வாழும் அலையாத்திக் காடுகளுக்கு, தடுப்பார் யாரும் இல்லாவிட்டாலும், நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே முறை என்பது என் உறுதியான கருத்து. நாயோடு நடக்கத் தோட்டப் பாதைகளே போதும், நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் சரி. எதிரே இஸ்லாமிய அண்டை அயலார் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நில்லுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும்.

கேள்வி: அவிழ்த்து விட்டால்தானே நாய் தன் விருப்பப்படி போகும்?

பதில்: அவிழ்த்து விடாதீர்கள், தம்பி, இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். செம்பனை அடியில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டிகளில் பெரும்பாலும் இரத்தத்தை உறைய விடாத நஞ்சு இருக்கிறது. தின்ற அன்று நாய் நன்றாகவே ஓடியாடும். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, சோர்ந்து படுத்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காட்டும். தின்றது தெரிந்த உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழியிருக்கிறது. பொறுத்துப் பார்ப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்குகளும் உண்டு. 5 மீட்டர் நீளமுள்ள கயிறு இருந்தால் நாய் தன் மூக்குப் போன வழியே போகவும் முடியும், உங்கள் கைக்குள் இருக்கவும் முடியும். அது முகர்ந்து முடிக்கும்வரை இழுக்காமல் நில்லுங்கள். நீங்கள் எழுதும் நேரமும் அதுதான்.

கேள்வி: எனக்கு இரண்டு நாய்கள். இரண்டும் இழுக்கின்றன, பேனாவை எடுக்கவே முடியவில்லை.

பதில்: எழுதப் போகும் நாளில் வயதானதை மட்டும் கூட்டிச் செல்லுங்கள். இளையதற்கு மாலையில் தனி நடை கொடுத்துவிடலாம்.

கேள்வி: எந்த நேரத்தில் போவது நல்லது?

பதில்: விடிந்தவுடன். தார்ச் சாலையில் புறங்கையைச் சில விநாடிகள் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. வீடு திரும்பியதும் காதின் உட்புறத்திலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகள் எங்கள் நாயை வரைய ஆசைப்படுகிறாள். அது ஒரு நொடிகூட அசையாமல் இருப்பதில்லையே, டீச்சர்?

பதில்: அசையட்டும். தலையிலிருந்து முதுகு வழியாக வால் நுனி வரை முதலில் ஒரே கோடு போடச் சொல்லுங்கள். நாய் நகர்ந்துவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு, அதே தாளில் பக்கத்தில் அடுத்த கோட்டைத் தொடங்கட்டும். நாய் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும் பிராணி. வரும்போது பாதியில் நின்ற படத்துக்குப் போய்க் காலையும் காதையும் சேர்க்கலாம். பின்னங்காலில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். பின்பக்கமாக மடிந்திருப்பது முட்டி அல்ல, அது குதிகால். நாய் விரல்களை ஊன்றித்தான் நடக்கிறது, முட்டி மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. அதை ஒருமுறை நாயின் காலைத் தொட்டுக் காட்டிவிட்டு, மென்மையான பென்சில் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். அழிப்பான் வீட்டிலேயே இருக்கட்டும்.