என் இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்ல உள்ளாட்சிக்கு என்ன உரிமை?

இடம் உங்களுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கிருந்து கிளம்பும் கொசு, நாற்றம், புகை எதுவும் காம்பவுண்டுச் சுவரோடு நிற்பதில்லையே. இப்படி ஒருவர் இடத்திலிருந்து அக்கம்பக்கத்தார் பலருக்கும் போய்ச் சேரும் கெடுதலைத்தான் ‘பொதுத் தொல்லை’ என்கிறார்கள்.

காலி மனையில் கிடக்கும் ஒரு பழைய டயரை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கினால் போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிட்டுவிடும். வெப்பமான நாட்களில் 7 முதல் 10 நாளில் அது பறக்கும் கொசு. கடி வாங்குவது பக்கத்து வீட்டுக் குழந்தை. (உரிமையாளர் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பார்!) காய்ச்சல் வந்த பிறகு வழக்குப் போட்டு என்ன பயன்? அதனால்தான் முதலில் நோட்டீஸ், ஒரு கெடு; அப்புறமும் அசையாவிட்டால் பல இடங்களில் உள்ளாட்சியே ஆள் வைத்துச் சுத்தம் செய்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கும்.

பஸ்ஸில் ஒருவர் போனில் சத்தமாகப் பாட்டு வைப்பது மாதிரிதான். சீட்டு அவருடையது, போனும் அவருடையது. காது மட்டும் எல்லோருடையது.

பூட்டிப் போட்டுவிட்டால் பொறுப்பு விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் இல்லாத மனைக்கும் நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும்.