டஸ்கனி பாணியில் கிராமத்து வீடும் தோட்டமும் அமைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கேள்விக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் பட்டியல் இது: கல் வெளியே தெரியும் சுவர், காவி மஞ்சள் பெயின்ட், வளைவு வைத்த முன்வாசல், இருபுறமும் சைப்ரஸ் மரம், நடுவில் புல்தரை, ஓரமெல்லாம் லாவெண்டர். ஏதோ ஒரு ரிசார்ட் படத்தையோ கல்யாண போட்டோ ஷூட்டையோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊருக்கு வெளியே அரை ஏக்கர் வாங்கிப் போட்டிருப்பீர்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். இந்த மாதிரிக் கேள்விகளைப் பொதுவாகத் தாண்டிப் போய்விடுவேன். முதல் வரியிலேயே 'கல் தெரியும் சுவர்' என்று எழுதியிருந்ததால்தான் உட்கார்ந்தேன். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். சிவில் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு இத்தாலி வந்தவன், அப்படியே அங்கே டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகருக்கு வடக்கே கியாந்தி மலைப்பகுதியில் பழைய பண்ணை வீடுகளைப் பழுது பார்க்கும் ஆறு பேர் குழு ஒன்றில் ஒட்டிக்கொண்டேன். ஏழு வருடம். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. ஆர்க்கிடெக்ட் நண்பர்கள் 'இவன் யார் பாடம் நடத்த' என்று கிளம்ப வேண்டாம். கலவை சுமந்தவன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் 'பாணி' என்கிறீர்கள். அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு அந்த வார்த்தையே தெரிந்திருக்காது. அங்கே அதற்குக் 'காஸா கொலோனிக்கா' என்று பெயர். வாரக் குடியானவன் வீடு என்று தமிழில் சொல்லலாம். நிலம் பண்ணையாருடையது, வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவன் குடும்பத்துடையது, விளைச்சலில் பாதி பாதி. 'மெத்ஸத்ரியா' என்ற அந்த முறையின் பெயரிலேயே 'பாதி' இருக்கிறது. நம் ஊர் வாரச் சாகுபடியேதான். பல ஒப்பந்தங்களில் குடியானவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் பண்ணையார் சம்மதம் வேண்டும். இந்த முறையில் புதிதாக ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது 1964-இல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் படத்தில் ரசிக்கிற ஒவ்வொன்றும் அந்தப் பாதிக் கணக்கிலிருந்து வந்தது. கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதருக்கு. கியானீனா என்று வெள்ளை வெளேரென்று யானைக் குட்டி மாதிரி ஒரு மாட்டினம் உண்டு. குளிர்காலத்தில் கீழே அவை விடும் மூச்சின் சூடு மேலே ஏறும். கீழ்த்தளம் மாட்டுக்கு என்பதால்தான் மாடிப்படி வெளியே இருக்கிறது, அழகுக்காக அல்ல. குடும்பம் பெருகப் பெருக ஒரு அறை, ஒரு கொட்டகை என்று ஒட்டிக்கொண்டே போனதால்தான் கூரைகள் ஏறியும் இறங்கியும் நிற்கின்றன. வைக்கோல் அறையின் செங்கல் ஜாலி, ஈரத்தில் வைக்கோல் புழுங்காமல் இருக்க. நடுவில் எழும் குட்டிக் கோபுரம் புறாக்கூடு. புறா கறிக்கு, எச்சம் எருவுக்கு.

இதில் திட்டம் போட்டுக் கட்டியதும் உண்டு, மறுக்கவில்லை. 1765 முதல் 1790 வரை டஸ்கனியை ஆண்ட பியெத்ரோ லெயொபோல்தோ காலத்தில், சதுப்பு நிலத்தை வற்றவைத்து மீட்ட வால் தி கியானா சமவெளியில், கச்சிதமான சதுர வீடுகள் நடுக் கோபுரத்தோடு எழுந்தன. அவர் பெயராலேயே 'லெயொபோல்தீனே' என்கிறார்கள். குடியானவர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஃபெர்தினாந்தோ மொரோத்ஸி 1770-இல் ஃப்ளாரன்ஸில் ஒரு நூலே வெளியிட்டார். இன்று அந்தச் சதுர வீடுகளில் பல கூரை சரிந்து, உள்ளே முள்மரம் முளைத்துக் கிடக்கின்றன. அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழுவின் தலைவருக்கு அப்போது 68 வயது. எல்லோரும் 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிடுவார்கள். நான் மனதுக்குள் மேஸ்திரி என்றே சொல்லிக்கொள்வேன். தப்பில்லை, நம் மேஸ்திரி போர்த்துகீசியர் வழியாக வந்த அதே சொல்தான். டஸ்கனிக்காரர்கள் இரண்டு உயிருக்கு நடுவே வரும் க-வை ஊதிவிடுவார்கள், 'லா காஸா' அவர் வாயில் 'லா ஹாஸா' ஆகிவிடும். 'பகல்' என்று எழுதி 'பஹல்' என்று சொல்கிற எனக்கு அது உடனே பிடிபட்டது. குழுவில் மற்ற வெளிநாட்டுக்காரர்கள் திணறுவார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக்காரர்களுக்கும் மேஸ்திரிக்கும் நடுவே துபாஷி வேலை என் தலையில் விழுந்தது இப்படித்தான்.

ஒரு வீடு. வாங்கியவர் வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர். அவர் கையிலும் உங்களுடையதைப் போலவே ஒரு பட்டியல். முதல் வரி: வெளிச் சுவர்ப் பூச்சை முழுக்க உரித்துக் கல்லைக் காட்ட வேண்டும்.

மேஸ்திரி சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேற்குப் பக்கம் பூச்சு பெயர்ந்திருந்த இடத்தில் விரலை விட்டார். சுண்ணாம்புக் கல், மணற்கல், உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு, இடையில் மண் அதிகமும் சுண்ணாம்பு கொஞ்சமுமாகக் கலவை. விரல் ஒரு கணு ஆழம் போயிற்று. அறுபது சென்டிமீட்டர் தடிமன் சுவர்தான், ஆனால் பொறுக்கிப் போட்டுக் கட்டியது. மேஸ்திரி என்னிடம் சொன்னது இது: "இது ஏழை வீடு. சட்டையோடுதான் பிறந்தது. கிழக்குப் பக்கம் வேண்டுமானால் உரிக்கச் சொல். மேற்கைத் தொட்டால் லிபெச்சோ அடிக்கும் முதல் மழையில் தண்ணீர் கட்டில் வரைக்கும் வரும்." லிபெச்சோ என்பது தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "உரிக்கலாம் என்கிறார். மேற்குச் சுவருக்குக் கொஞ்சம் பராமரிப்பு கூடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த மாதம் என் தங்கும் அனுமதிச் சீட்டு புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்கு இந்த வீடு கைநழுவக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு அலுவலக வாசலில் டோக்கனுக்கு நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். நிற்காதவர்கள் 'நேர்மை' என்று ஆரம்பிக்க வேண்டாம். நியாயப்படுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உரித்தோம். மணல் பீய்ச்சிக் கல்லைப் பளிச்சென்று ஆக்கினோம். போட்டோவில் அற்புதமாக இருந்தது. நவம்பரில் மழை. வீட்டுக்காரர் அனுப்பிய படத்தில் மேற்கு அறையில், கட்டிலின் தலைமாட்டுக்கு மேல், இந்திய வரைபடம் மாதிரி ஒரு ஈரக் கறை. அடுத்த குளிருக்குள் இடுக்கில் புகுந்த தண்ணீர் உறைந்து, ஜன்னல் ஓரக் கற்கள் இரண்டு அசைந்துவிட்டன. அவருக்கு முன்னால் இருந்தவர் உள்பக்கம் சிமென்ட் பூசி வைத்திருந்தது வேறு. வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மேஸ்திரிக்கு என் மீது சந்தேகம் வந்ததா என்று இன்றுவரை தெரியாது. "அவரிடம் சரியாகச் சொன்னாய் அல்லவா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். சொன்னேன் என்றேன்.

'அங்கே கல் தெரியும் வீடுகள் ஆயிரம் இருக்கிறதே' என்று யாராவது கமெண்டில் வருவார்கள். இருக்கிறது. செதுக்கிய கல்லை ஒழுங்காக அடுக்கிக் கட்டியது அப்படியே நிற்கும், மாட்டுக் கொட்டகைக்கும் பூச்சு தேவையில்லை. 'ராஸோ ஸாஸ்ஸோ' என்று இன்னொரு வழியும் உண்டு: இடுக்கை எல்லாம் கலவையால் கல் மட்டத்துக்கு நிரப்பி, கல்லின் நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி விடுவது. ஆனால் நிறைய வீடுகள் பூச்சோடு இருந்தவைதான். ஆள் போன பிறகு பூச்சு உதிர்ந்து, அந்தக் கோலத்தைப் படம் எடுத்து, அதுதான் பாணி என்று ஆகிவிட்டது. நீங்கள் கேட்பது வீட்டை அல்ல, வீடு பாழானதை.

மூன்றாம் வருடம் மேற்குச் சுவருக்கு மறுபடி பூச்சு போட்டோம். சுண்ணாம்பும் மணலும் மட்டும், சிமென்ட் ஒரு சிட்டிகை கிடையாது. அடிப்பகுதிக்கு 'கொச்சோபெஸ்தோ', அதாவது சுண்ணாம்போடு இடித்த ஓட்டுத் தூள். வாளியில் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் சுர்க்கி! எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கொத்தனார். சின்ன வயதில் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் மணக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பூச்சைத் தடவக் கூடாது, வீச வேண்டும். கரணையில் கலவையை அள்ளி, மணிக்கட்டை ஒரு சுண்டு. 'சப்' என்று ஒட்டினால் சரி, 'தொப்' என்று கேட்டால் தண்ணீர் அதிகம். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே என் கலவையைத் திருத்தினார். ஐயாவும் அப்படித்தான்.

அந்த ஐயாவின் கரணைகள், தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. சொத்து பிரித்த வருடம் அவற்றைப் பழைய இரும்புக்கு எடை போட்டவர் என் அக்கா வீட்டுக்காரர். கேட்டால், "துருப்பிடிச்ச சாமானுக்கு ஏன் மாப்பிள்ளே இந்தக் குதி குதிக்கிறே?" என்றார். நான் கலவை பூசுகிற வீடியோவைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டபோது, "பி.இ. படிச்சிட்டு வெளிநாடு போய்ச் சித்தாள் வேலையா?" என்று எழுதியதும் அதே மச்சான்தான். போன வருடம் வீடு கட்டும்போது 'டஸ்கன்' என்று பெயர் போட்ட பெயின்ட் டப்பாவைப் படம் பிடித்து அனுப்பி, "இது கரெக்ட் ஷேடா?" என்று கேட்டார். பதில் போடவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

ஆனால் நிறத்துக்கு வந்துவிட்டோம், சொல்லிவிடுகிறேன். அந்தக் காவி மஞ்சள் டப்பாவிலிருந்து வந்ததல்ல. கலவையில் போடும் உள்ளூர் மணலின் நிறம் அது. 'சியெனா மண்' என்று ஓவியர்கள் வாங்கும் நிறமியே அமியாத்தா மலைப் பக்கம் தோண்டிய மண்தான். உங்கள் மண் என்ன நிறமோ, உங்கள் சுவர் அந்த நிறம்.

தோட்டம். குடியானவன் வீட்டில் தோட்டம் என்று தனியாகக் கிடையாது. வாசலில் 'அயா' என்ற களம், செங்கல் பாவியதோ மண் கெட்டித்ததோ. அங்கே கதிர் அடிப்பார்கள், இரவில் சோளம் உரிப்பார்கள். அப்புறம் ரொட்டி அடுப்பு, கிணறு, திராட்சைப் பந்தல், ஒரு அத்தி, பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை, சமையலுக்கு ரோஸ்மேரி, காய்கறிப் பாத்தி. புல்தரை இல்லை. புல் இருந்தால் மாடு தின்றிருக்கும். வெட்டிச் செதுக்கிய பாக்ஸ் செடி வேலி, இம்ப்ருனேத்தா சுட்டமண் தொட்டியில் எலுமிச்சை, குளிருக்கு அதை உள்ளே தூக்கி வைக்கத் தனிக் கட்டடம், இதெல்லாம் பண்ணையார் மாளிகை சமாச்சாரம். லாவெண்டர் வயல் பிரான்சில் புரோவான்ஸ் பக்கத்து அடையாளம். ஃப்ளாரன்ஸின் சின்னமான ஐரிஸ் பூ மட்டும் குடியானவனிடமும் இருந்தது. வரப்பு மண் சரியாமல் பிடிக்கும், கிழங்கு வாசனைத் திரவியத்துக்கு விலை போகும்.

சைப்ரஸ் எல்லைக்கும் காற்றுத் தடுப்புக்கும் கல்லறைக்கும் நட்ட மரம். மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் சைப்ரஸ் சாலைப் படம் ஒன்று எல்லோர் போனிலும் இருக்கும். அது லா ஃபோச்சே பண்ணை. இடைக்காலத்துச் சாலை என்று நினைப்பார்கள். போன நூற்றாண்டில் எழுத்தாளர் ஐரிஸ் ஒரிகோ தம்பதி அந்தப் பண்ணையை வாங்கிய பிறகு நட்டது. வீட்டுத் தோட்டத்தை 1927-லிருந்து 1939 வரை அமைத்தவர் செசில் பின்சென்ட் என்ற ஆங்கிலேயர். மரத்துக்கும் வேதனை உண்டு: இத்தாலியில் முதன்முதலாக 1951-இல் ஃப்ளாரன்ஸ் பக்கம் கண்ட ஒரு பூஞ்சை நோய் சைப்ரஸ்களைப் பழுப்பாக்கிக் கொன்றது. நோய் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் இப்போது நடுகிறார்கள். ஆலிவுக்கும் அப்படியொரு வருடம் வந்தது. 1985 ஜனவரியில் ஃப்ளாரன்ஸ் அருகே மைனஸ் 23 டிகிரி போய், மரங்கள் பட்டுப்போயின. தூரோடு வெட்டிவிட்டார்கள். இன்று ஒரே தூரிலிருந்து மூன்று நான்கு தண்டாக நிற்கும் ஆலிவைப் பார்த்து 'எவ்வளவு கலைநயம்' என்கிறோம். அதே வருடம் டிசம்பரில்தான் விவசாயி தன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கச் சட்டம் வந்தது. உங்கள் ரிசார்ட் படத்தின் பாட்டி அந்தச் சட்டம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வருகிற மழைக்கு உங்கள் இடத்தில் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரில் எந்தப் பக்கம் பாசி பிடித்திருக்கிறது, உங்கள் ஊரில் சுண்ணாம்புக் கலவை போடத் தெரிந்த கொத்தனார் யாராவது மிச்சம் இருக்கிறாரா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். அதற்குமேல் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். சாரல் பக்கச் சுவரை மட்டும் சட்டையில்லாமல் விட வேண்டாம். இந்த முறை மேஸ்திரி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.