கனிம மணல் சுரங்கம்: கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லாவிட்டால் சட்டத்தில் வழியே இல்லையா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில், கடலோரத்தை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் பட்டா நிலமும் தென்னையும் ஒரு கிணறும் இருக்கின்றன. இந்தப் பகுதியில் 1,144 ஹெக்டேரில், கதிர்வீச்சு உள்ள மோனசைட் உள்ளிட்ட கனிம மணல் எடுக்கத் திட்டம் இருக்கிறது. இத்தகைய சுரங்கங்களுக்கு இனிக் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்திருப்பதாகப் படித்தேன். அப்படியானால் எங்களைக் கேட்பார் யாருமில்லையா? கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்று வழக்குத் தொடர்ந்து திட்டத்தை நிறுத்த முடியுமா? எங்கள் நிலத்தை எடுத்துக்கொள்வார்களா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். அணுக் கனிமங்களுக்கும் (மோனசைட் இதில் அடங்கும்) முக்கியக் கனிமங்களுக்கும் உரிய சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று அலுவலகக் குறிப்பாணை ஒன்றை வெளியிட்டது. பரப்பளவு எவ்வளவாக இருந்தாலும் இவற்றை மத்திய அளவிலேயே பரிசீலிப்பார்கள்.

சட்டப்படியான அறிவிக்கையை வெறும் குறிப்பாணை எப்படி மாற்றலாம் என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அதை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள். நாட்டின் பாதுகாப்பு அல்லது கேந்திர முக்கியத்துவம் உள்ளதென மத்திய அரசு தீர்மானிக்கும் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு வேண்டாம் என்ற விலக்கு, 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. குறிப்பாணை அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வலுவான வாதம் வேறு: அந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு திட்டமாகப் பார்த்து எடுக்க வேண்டுமா, ஒரு கனிமப் பட்டியலுக்கே ஒட்டுமொத்தமாக எடுத்துவிடலாமா? உப்புத்தாள் செய்ய உதவும் கார்னெட்கூடக் கடற்கரை மணல் கனிமம் என்ற முறையில் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதில் என்ன நாட்டுப் பாதுகாப்பு என்று கேட்க இடமுண்டு. இதைக் கேட்க வேண்டிய இடம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அரசின் பொது விதிகளையும் கொள்கை உத்தரவுகளையும் ரத்து செய்யும் அதிகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு இல்லை.

கூட்டம்தான் போயிற்று; தாக்க மதிப்பீட்டு அறிக்கை போகவில்லை. அறிக்கையைத் தயாரித்தாக வேண்டும், நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலித்தாக வேண்டும். அந்தக் குழுவின் கூட்ட நிகழ்ச்சி நிரல், சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் வெளியாகும். உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்புவதை எந்தக் குறிப்பாணையும் தடுக்கவில்லை. கிராம சபைத் தீர்மானத்தையும் இணையுங்கள். ஆனால் அது திட்டத்தைத் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலைச் சுரங்க வழக்கில் முடிவெடுக்கும் இடம் கிராம சபைகளுக்குக் கிடைத்தது வன உரிமைச் சட்டத்தால்; உங்கள் ஊரில் அந்தச் சட்டம் பொருந்தும் சூழல் இல்லை.

இப்போது புற்றுநோய். உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்லப்போகிறேன். குமரிக் கடற்கரையில் சுரங்கம் வருவதற்கு முன்பே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். மோனசைட்டில் உள்ள தோரியம்தான் காரணம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே போன்ற கரையில் வாழும் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அதை நீதிபதியிடம் நீட்டுவார். மோனசைட்டை எடுத்துவிட்டு மீதி மணலைக் கொட்டினால் கதிர்வீச்சு குறையும் என்றும் வாதிடுவார்; கோட்பாட்டளவில் அதில் தவறில்லை. சீனாவின் பாவ்தோ நகரில் உள்ள அரிய மண் ஆலைகளின் கழிவுக் குளப் படங்களையும் மனுவில் சேர்க்காதீர்கள். அங்கே நடப்பது வேதிச் சுத்திகரிப்பு. மணல் எடுக்கும் இடத்தில் சுழல் சரிவுகள், காந்தம், மின்னேற்றம் ஆகியவற்றால் பிரிப்பது மட்டுமே வழக்கம். மோனசைட்டை அமிலத்திலோ காரத்திலோ சிதைக்கும் வேலை அதற்கான தனி ஆலைகளில்தான் நடக்கிறது.

அப்படியானால் எதைப் பிடிப்பது? கூடங்குளம் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை நிறுத்தவில்லை. 15 நிபந்தனைகளை விதித்தது. அணுசக்திக் கொள்கை என்று வந்தால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆகவே உங்கள் உழைப்பை நிபந்தனைகளில் போடுங்கள். நிபந்தனைக்குப் பல் முளைப்பது முன் அளவீட்டால்தான். பொதுமக்களுக்கான கதிர்வீச்சு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். அதுவும் இயற்கைப் பின்னணியைக் கழித்துவிட்டு. பின்னணி எவ்வளவு என்று தோண்டும் முன்பே பதிவாகவில்லை என்றால், பத்து ஆண்டுகள் கழித்து வரும் எந்த அளவுக்கும் ‘இது எப்போதும் உள்ளதுதான்’ என்று ஒரே பதில் சொல்லிவிடலாம்.

எனவே ஆட்சேப மனுவில் கேளுங்கள்: சுரங்க எல்லையிலும் வீடுகளருகிலும் பள்ளிகளிலும் காமா கதிர்வீச்சை நிறுவனத்தைச் சாராத அமைப்பு அளந்து, முடிவைத் தமிழில் ஊராட்சியில் ஒட்ட வேண்டும். திரும்பக் கொட்டும் மணலையும் அதே இடத்தில் அளக்க வேண்டும். மோனசைட் செறிந்த கழிவு மணலை எங்கே, எத்தனை ஆழத்தில் மூடி வைப்பார்கள் என்பது வரைபடத்தோடு வர வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. உப்புநீர் ஏறுகிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். தோண்டிய நிலத்தில் மீண்டும் பசுமையைக் கொண்டுவர வேண்டும் என்று 2020 ஜனவரியில் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள்.

அவர்கள் அளக்கும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, உப்பளவுக்கான அறிக்கையை மழைக்கு முன்பும் பின்பும் வாங்கி வையுங்கள். கதிர்வீச்சைக் காட்டும் மலிவுக் கருவியை இணையத்தில் வாங்கிப் படமெடுப்பது நீதிமன்றத்தில் நிற்காது; கிணற்று நீர் அறிக்கை நிற்கும். என் கணிப்பில் உங்கள் பகுதியில் கதிர்வீச்சைவிடத் தண்ணீரும் மணல் மேடுகளும்தான் பலமான வழக்கு. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அணுக் கனிமங்களுக்குச் சலுகை தருகிறது என்றாலும், மணல் மேடுகளை மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள வகையில் வைத்திருக்கிறது. உங்கள் ஊர் மேடு வரைபடத்தில் மேடாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மோனசைட் இருப்பு எத்தனை டன் என்று கேட்டால், கேந்திர நலன் என்று 8(1)(ஏ) பிரிவைக் காட்டி மறுக்கலாம். நீரின் தரம், பொது இடக் கதிர்வீச்சு அளவு ஆகியவற்றுக்கு அந்தச் சாக்கு செல்லாது. இவற்றைத் தனி மனுவில் கேளுங்கள்.

நிலத்தைப் பற்றி: சுரங்கக் குத்தகை கையெழுத்தானதாலேயே உங்கள் பட்டா போய்விடாது. 1957ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 24ஏ பிரிவு குத்தகைதாரரை நிலத்தில் நுழைய விடுகிறது; மேற்பரப்புக்கு உரியவருக்கு இழப்பீட்டையும் அதுவே தருகிறது. கையகப்படுத்த நோட்டீஸ் வந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பாருங்கள். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டமென்றால் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு உரிமை உண்டு. மாநிலத்தின் தொழில் நோக்கச் சட்டமென்றால் கணக்கே வேறு. அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

அனுமதி வெளியாகிவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது. அணுசக்திச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் பட்டியலில் இல்லாததால், மேல்முறையீட்டைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில் எழுதுங்கள். அனுமதி கிடைத்த செய்தியை நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்தாக வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி முழுதாக எடுத்து வையுங்கள். 30 நாள் எப்போது தொடங்கியது என்பதில்தான் முதல் தகராறே வரும்.