சிம்கோ ஏரியில் எவ்வளவு தள்ளி உட்காருவது? ஐஸ் மீன்பிடி: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மீனைப் பற்றியே இல்லை. பக்கத்தில் இருந்தவர் முறைத்தார், உறைந்த ஏரியில் மீன்பிடிக்க ஐஸில் போட்டிருப்பது யாருடைய துளை என்று தெரியவில்லை, இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆச்சரியமில்லை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சிம்கோ, 720 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த ஏரி. ஆனால் சனிக்கிழமை விடிந்தால் எல்லோரும் போய் நிற்பது அதே நாலைந்து இடங்களில்தான்.

அக்கா, போன வாரம் முதல் தடவையாக சிம்கோவின் குக்ஸ் குடாவுக்குப் போனோம். ஒருவருக்குக் கொஞ்சம் தள்ளித்தான் துளை போட்டேன். மனிதர் முகம் சிவந்துவிட்டார். எத்தனை அடி விட வேண்டும்? (ஸ்காபரோ)

அடிக் கணக்கைக் கேட்பதற்கு முன் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள் தம்பி. குக்ஸ் குடா ஆழம் குறைந்தது. அங்கே நீங்கள் தேடிப் போவது பேர்ச் மீன். நீங்கள் ஓகரை, அதாவது ஐஸில் துளை போடும் துரப்பணத்தை, சுழற்றும் சத்தம் அப்படியே ஐஸ் வழியாகக் கீழே இறங்கும். அவர் அரை மணி நேரம் தூண்டிலை ஆட்டி ஆட்டிச் சேர்த்து வைத்திருந்த கூட்டம் கலைந்து போயிருக்கும். அவர் கோபம் உங்கள் மேல் இல்லை, அந்தச் சத்தத்தின் மேல்.

அதே ஏரியில் பாரி நகரின் பக்கம் உள்ள கெம்பன்ஃபெல்ட் குடாவில் கதையே வேறு. அங்கே லேக் ட்ரௌட் மீனுக்கு எண்பது, நூறு அடி ஆழத்தில் இரை இறக்குவார்கள். சத்தம் அங்கே அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் கொழுவிய ட்ரௌட் நேரே மேலே வராது, பக்கவாட்டில் ஓடும். அடி நீரோட்டமும் நூலைச் சரித்துக்கொண்டு போகும். பக்கத்துத் துளையின் நூலோடு அது சிக்கினால் இரண்டு பேருக்கும் மீன் இல்லை. இன்னொன்று, ஒலி அலையால் மீனைத் திரையில் காட்டும் சோனார் கருவிகள் இரண்டு கிட்டக்கிட்ட ஓடினால் ஒன்றின் அலை மற்றதன் திரையில் கோடு கோடாக விழும். அதைக் குறைக்கக் கருவியிலேயே ஒரு பொத்தான் உண்டு, பலர் அதைத் தொட்டதே இல்லை.

என் கணக்கு இது: ஆழம் குறைந்த இடத்தில் இருபது மீற்றர், ஆழத்தில் முப்பது. சனம் நெருங்கிய நாளில் அது பாதியாகும், அதற்கு மேல் குறையக் கூடாது. எந்தத் தூரமானாலும் ஓகரைக் கையில் எடுக்கும் முன் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். "இங்கே போடலாமா, உங்களுக்கு இடைஞ்சலா?" போதும். பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் "தாராளமாகப் போடு" என்பார்கள். துளை போட்டு முடித்துவிட்டுக் கேட்பது கேட்பது அல்ல.

60 மீற்றருக்குள் வேறு யாரும் வரக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே? (ஏஜாக்ஸ்)

இல்லை. அந்த 60 மீற்றர் உங்களுக்கு, பக்கத்தில் இருப்பவருக்கு அல்ல. ஒன்ராறியோவில் ஐஸ் மீன்பிடிக்குப் பெரும்பாலான நீர்நிலைகளில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். ஆனால் உங்கள் தூண்டில் ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் 60 மீற்றருக்குள் இருக்க வேண்டும், மறைப்பில்லாமல் அது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். மீன் கடித்தால் கொடி எழும்பும் ரிப்-அப் தூண்டிலை வைத்துவிட்டு வாகனத்துக்குள் போய்த் தூங்காதே என்பதற்கான விதி அது. அதைக் காட்டி 60 மீற்றர் வட்டம் கீறி "என் காணி" என்று சொல்பவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

மினசோட்டா மாநிலத்தில் ஏற்கெனவே நிற்கும் குடிலுக்கு 10 அடிக்குள் இன்னொரு குடில் வைக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. அதையும் இங்கே சிலர் இழுப்பார்கள். பத்தடி தள்ளி இருந்தால் சட்டம் பிடிக்காது என்பதுதான் அதன் பொருள். பக்கத்துக்காரருக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

பக்கத்தில் ஒருவர் அடுத்தடுத்து மீனை இழுக்கிறார், எனக்கு ஒன்றும் இல்லை. நான் அவர் பக்கம் நகர்ந்தால் தப்பா? (மார்க்கம்)

அதே நேரத்தில் அதே திசையில் பத்துப் பேர் நகர்வார்கள் என்பதுதான் தப்பு. ஒரு மீன் ஐஸுக்கு மேல் வந்ததும் நாலு பக்கமும் ஓகர் சத்தம் கிளம்பும். கல்யாண வீட்டில் இலை போட்டதும் நடக்கும் தள்ளுமுள்ளு மாதிரி. ஐந்து நிமிடத்தில் மீன் கூட்டம் போய்விடும், சனக் கூட்டம் மட்டும் மிஞ்சும்.

பேர்ச் கூட்டமாக ஓடித் திரியும் மீன். அவரிடம் இப்போது இருக்கும் கூட்டம் இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறெங்காவது போகும். அது போகும் வழியை ஊகித்து, அவருக்கு எதிர்ப்பக்கத்தில் தள்ளிப் போய் இரண்டு மூன்று துளை போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பவர்தான் கடைசியில் வாளியை நிரப்புகிறார்.

இப்போது இதற்கு ஒரு புதுத் தலையிடி வந்திருக்கிறது, முன்னோக்கிப் பார்க்கும் லைவ் சோனார். ஒரு துளையில் இறக்கிச் சுற்றிலும் திருப்பினால் நூறு அடிக்கு அப்பால் உள்ள மீனும் தெரியும், சில வேளை பக்கத்துக்காரரின் இரை மேலே கீழே ஆடுவதும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நேரே அவர் காலடியில் போய்த் துளை போடும் ஆட்களைக் காண்கிறேன். கருவியில் தெரிகிறது என்பதால் அந்த மீன் உங்களுடையது ஆகிவிடாது. எனக்கு இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

யாரோ போட்டுவிட்டுப் போன துளையில் தூண்டில் போடலாமா? (பிராம்டன்)

வாளி, கதிரை, கையுறை, எதுவும் பக்கத்தில் இல்லை, ஆளும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் வரிசையாக ஐந்தாறு துளை, சோனாரோடு ஒருவர் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறார் என்றால் அத்தனையும் அவருடைய பாவனையில் இருக்கிறது. கேளுங்கள்.

நீங்கள் விட்டுவிட்டுப் போகும் துளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் கேட்கவில்லை. மேலே மெல்லிய ஐஸ் படியும், அதன் மேல் பனி தூவும், பிறகு பார்த்தால் வெறும் வெள்ளை. எட்டு அங்குலத் துளைக்குள் ஒரு பிள்ளையின் கால் முழங்கால் வரை போகும். இருட்டில் ஓடி வரும் நாயின் காலும் போகும். துளையிலிருந்து வாரிய ஐஸ் தூளை அதன் விளிம்பில் குவித்து, ஒரு சுள்ளியை நட்டுவிட்டுப் போங்கள். அரை நிமிட வேலை.

"இது எங்கள் இடம், உங்கள் ஆட்கள் வேறு எங்காவது போங்கள்" என்று ஒருவர் கத்தினார். நாங்கள் நாற்பது மீற்றருக்கு மேல் தள்ளித்தான் இருந்தோம். லைசென்ஸ் இருந்தது. திரும்பி வந்துவிட்டோம். என்ன செய்திருக்க வேண்டும்? (மிசிசாகா)

நீங்கள் செய்ததில் பிழை எதுவும் இல்லை. பிள்ளைகளோடு போன இடத்தில் வாய்ச்சண்டை பிடிப்பதை விடத் திரும்பி வருவது நல்லதுதான். ஆனால் அது மரியாதைப் பிரச்சினை அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். கிட்ட வந்ததற்காகக் கோபப்படுபவர் "தள்ளிப் போ" என்பார். "உங்கள் ஆட்கள்" என்று தொடங்குபவர் தூரத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

இந்த ஏரிக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 2007இல் சிம்கோவைச் சுற்றியும் ஒன்ராறியோவின் வேறு சில இடங்களிலும் ஆசிய வம்சாவளி மீன்பிடிகாரர்கள் தாக்கப்பட்டார்கள். இறங்குதுறையில் நின்றவர்களைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள், தூண்டில்களை உடைத்தார்கள். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. அவை ஐஸ் மேல் நடந்தவை அல்ல, கரையில் நடந்தவை. ஆனாலும் "இவர்கள் விதி தெரியாதவர்கள், அளவுக்கு மீறிப் பிடிப்பவர்கள்" என்ற பேச்சுத்தான் அங்கேயும் சாட்டாக இருந்தது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, முறைப்படி மீன் பிடிப்பவரை வேண்டுமென்றே குழப்புவதைத் தடை செய்கிறது. உபகரணத்தில் கை வைப்பதும் அதற்குள் வரும். அடுத்த முறை நடந்தால் பதில் சொல்லாமல் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டலாகப் போனால் பொலிஸைக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போங்கள்.

குடும்பமாகப் பதினைந்து பேர் போகிறோம். அடுப்பு, பாட்டு, பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஏதாவது சொல்வார்களா? (ஸ்காபரோ)

கூட்டத்தின் நடுவில் போய்க் கடை விரித்தால் சொல்வார்கள், நானும் சொல்வேன். விளிம்புக்குப் போங்கள். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது காலடிச் சத்தமும் கீழே போகும், அதனால் மீன்பிடிக்க ஒரு பக்கம், ஓட இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். ஜெனரேற்றர் கொண்டுபோனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வையுங்கள். அதன் புகை அடுத்தவர் கூடாரத்துக்குள் போனால் அது வெறும் நாற்றம் அல்ல, கார்பன் மொனொக்சைட். பாட்டு உங்கள் கூடாரத்துக்குள் கேட்டால் காணும். அப்புறம் எலும்பு, தட்டு, மீன் குடல் எல்லாம் பைக்குள் போட்டு வீட்டுக்கு வர வேண்டும். ஐஸில் விட்டுவிட்டு வருவது வசந்தத்தில் அப்படியே ஏரிக்குள் போகும்.

காசு கொடுத்து எடுக்கும் ஐஸ் ஹட்டுக்கு (ஐஸ் மேல் வைக்கும் வாடகைக் குடிலுக்கு) பக்கத்தில் துளை போடலாமா? (ரிச்மண்ட் ஹில்)

ஏரி பொது, போடலாம். ஆனால் பனியைத் தள்ளி வழி போட்டு, வெடிப்பு விழுந்த இடத்தில் பாலம் வைத்து, மீன் இருக்கும் இடம் பார்த்து ஹட்டை இழுத்து வைத்தது அந்த நடத்துநர். அதன் வாசலில் போய் நின்று இலவசமாக அனுபவிப்பது அழகில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்கள் நடக்கும், வாகனம் ஓடும் பாதையில் துளை போடாதீர்கள். இந்த ஏரியில் உள்ள ஜோர்ஜினா தீவில் வாழும் சிப்பவா பழங்குடி மக்களுக்குக் குளிர்காலத்தில் ஐஸ் மேல் போகும் பாதைதான் வீதி.

வாகனங்களை ஒன்றாக நிறுத்தினால் ஏன் கத்துகிறார்கள்? (விட்பி)

பாரம். ஐஸ் வளையும். நாலு வாகனம் சேர்ந்து நின்றால் பக்கத்துத் துளைகளால் தண்ணீர் பொங்கி மேலே வருவதைப் பார்க்கலாம். வாகனத்துக்கு வாகனம் 50 அடி விடுங்கள். நடந்து போகவே 10 சென்ரிமீற்றர் தெளிந்த நீல ஐஸ் வேண்டும். வெள்ளையாக இருந்தால் அதன் பலம் பாதிதான், இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். ஸ்நோமொபைலில் வருபவர்கள் கூடாரங்களுக்கு நடுவே ஓடாமல் சுற்றிப் போங்கள்.

என்ன இரை, எத்தனை அடி என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்கலாமா? (ஏஜாக்ஸ்)

"ஏதாவது கடிக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாயைத் திறந்தால் மீதி தானாக வரும். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள். அவர் சொன்ன இடத்தை அன்றிரவே வரைபடத்தோடு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

மூடிய கூடாரத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது? கதவைத் தட்டவும் முடியாதே. (மார்க்கம்)

நாலு எட்டுத் தள்ளி நின்று "ஹலோ" என்று குரல் கொடுங்கள், அவரே எட்டிப் பார்ப்பார். கூடாரத்தின் சிப்பை (ஸிப்) நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே இருட்டாக வைத்திருப்பது துளை வழியாகக் கீழே பார்ப்பதற்காக, நீங்கள் திறந்தால் வெளிச்சம் கொட்டி எல்லாம் போய்விடும். அதோடு நடு ஏரியில் கழிப்பறை இல்லை. உள்ளே ஒரு வாளி இருக்கும், அவர் எப்போது அதில் உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.