பூசையில் ஓட்டைப் பற்றிப் பேசலாமா?

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவர்.)

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் சர்ச் சாமியார், "18 நிறைந்த பிள்ளைகள் பெயரைப் பட்டியலில் சேர்த்தாச்சா?" என்று கேட்டார். கோயிலுக்குள் தேர்தல் பேச்சு எதற்கு?
– தூத்துக்குடி வாசகர்

கேட்டதில் தப்பே இல்லை. "இன்னாருக்குப் போடுங்கள்" என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால்தான் வம்பு. வேட்பாளரோ, அவர் சம்மதத்தோடு வேறு யாருமோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் அது முறைகேடு என்கிறது, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தவறுதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இவருக்குப் போடாவிட்டால் சாமி குத்தம் ஆகிவிடும் என்று மிரட்டுவதையும் அதே பிரிவு தடுக்கிறது. சட்டம் எழுதியவர்கள் நம் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்தவர்களாக இருக்க வேண்டும்! இது போக, வழிபாட்டு இடத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. உங்கள் சாமியார் இதில் எதையும் மீறவில்லை.

மதத்தலைவர்கள் தலையிட்டு நல்லது நடந்த தேர்தல் ஒன்றாவது உண்டா?
– மேலப்பாளையம் வாசகி

பிலிப்பைன்ஸைச் சொல்வேன். 1986 பிப்ரவரி 7. 20 வருடம் ஆண்டுவிட்ட ஃபெர்டினாண்ட் மார்க்கோஸுக்கும், சுட்டுக் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரின் மனைவி கொரசோன் அக்கினோவுக்கும் போட்டி. 'நம்ஃப்ரெல்' என்ற கண்காணிப்பு அமைப்பில் லட்சக்கணக்கான தொண்டர்கள். அதில் பங்குகளிலிருந்தும் (ஒவ்வொரு சர்ச்சையும் சேர்ந்த மக்கள் கூட்டம்தான் பங்கு) கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அடிதடி நடக்கும் சாவடிகளுக்கு அங்கி போட்ட கன்னியாஸ்திரிகளை அனுப்பினார்கள். சிஸ்டர்மேல் கை வைக்க ரவுடியும் ஒரு நொடி தயங்குவான் என்ற கணக்குதான்.

அரசு எண்ணிக்கையில் மார்க்கோஸ் முந்தினார். நம்ஃப்ரெல் கூட்டலில் கொரசோன். இரண்டு நாள் கழித்து, தேர்தல் ஆணையத்தில் எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஊழியர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர், தாங்கள் ஏற்றுவது ஒன்று, பலகையில் தெரிவது வேறொன்று என்று எழுந்து வெளியேறிவிட்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்கள் போய் அடைக்கலம் புகுந்தது பக்லரான் மாதா கோயிலில். கத்தோலிக்க ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவையும் இந்தத் தேர்தல் மோசடி என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. அந்த மாதமே மக்கள் தெருவில் இறங்க, மார்க்கோஸ் ஹவாய்க்கு ஓடினார்.

இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பிற்பாதி. 1991-இல் பங்குகளை வைத்தே 'பிபிசிஆர்வி' என்ற தேர்தல் தொண்டு அமைப்பு தொடங்கினார்கள். 2010-இல் இயந்திர எண்ணிக்கை வந்த பிறகு, ஒவ்வொரு சாவடியின் முடிவுத்தாளிலும் ஒரு பிரதி இவர்களுக்கு வருகிறது. தொண்டர்கள் அதைக் கையால் ஏற்றி, ஆணையத்துக்கு மின்வழியில் போன எண்ணோடு ஒத்துப் பார்ப்பார்கள். 2022-இல் போட்டியிட்டது யார்? அதே மார்க்கோஸின் மகன். குருக்களில் பலர் வெளிப்படையாகவே, அவரை எதிர்த்து நின்ற லெனி ரொப்ரேதோ பக்கம். ஒட்டுமொத்தமாக ஒருவருக்கே ஓட்டுப் போடும் வழக்கமுள்ள 'இக்லேசியா நி கிறிஸ்தோ' சபை மகனை ஆதரித்தது. மகன் மூன்று கோடி ஓட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். பிபிசிஆர்வி சரிபார்த்த தாள்கள் இயந்திரக் கணக்கோடு பெருமளவு ஒத்துப்போயின. அதை அப்படியே வெளியில் சொன்னார்கள். எத்தனை பங்குகளில் வயிறு எரிந்திருக்கும்! அப்பாவைத் துரத்தியதைவிட, மகன் ஜெயித்த கணக்கைச் சரி என்று சொன்னதற்குத்தான் நான் அவர்களை அதிகம் மதிக்கிறேன்.

ஜமாஅத் இளைஞர்கள், சர்ச் இளைஞர்கள், அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டி மூவரும் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். எங்கே தொடங்கலாம்?
– ஆம்பூர் வாசகர்

பட்டியலில். புதுப்பெயருக்குப் படிவம் 6. வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. 17 முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகி வேறு தெருவுக்கு வந்த மருமகள்கள் பெயர்தான் அதிகம் விட்டுப்போகும். அவர்களை முதலில் விசாரியுங்கள். 85 தாண்டியவர்கள் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே போடலாம். ஆட்டோ வைத்து ஆள் ஏற்றும் ஆசை மட்டும் வேண்டாம். வேட்பாளர் தரப்பு செய்தால் அது முறைகேடு. உங்களை ஒரு தரப்பாக்க ஊருக்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று. வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரத்தில் பதிவான மொத்த ஓட்டு, சீல் எண்கள் எல்லாம் எழுதி 17சி படிவத்தின் நகலை ஏஜென்ட்டுகளுக்குக் கொடுப்போம். எண்ணும் நாளில் ஒத்துப் பார்க்க அதுதான் ஆதாரம். அதன் பின்பக்கத்தில் பரோட்டாக் கணக்குப் போட்ட ஏஜென்ட்டை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்த நகல் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் தெருவில் ஏஜென்ட்டாக உட்காரப்போகும் எல்லாக் கட்சிப் பையன்களையும் ஒரு சாயங்காலம் கூப்பிட்டு, அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். பள்ளிவாசலில் வேண்டாம், கோயிலிலும் வேண்டாம். ஏதாவது பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். ஒரு கட்சியை விட்டுவிட்டுக் கூப்பிட்டால், கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

திருவிழாவும் தேர்தலும் ஒரே நாளில் வந்தால்?
– மதுரை வாசகி

உங்கள் ஊரிலேயே வந்ததே! 2019 ஏப்ரல் 18, சித்திரைத் தேரோட்டம். கிறிஸ்தவர்களுக்கு அன்று பெரிய வியாழன் வேறு. தேதியை மாற்றவில்லை, மதுரைக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டினார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகும் போடலாம் என்று பொருள்.