பழைய ஸ்கேட்டிங் ரிங்க் படம்: எந்தக் காலம் என்று கண்டுபிடிப்பது எப்படி

வணக்கம். ஊரில் மூன்று ரோலர் ஸ்கேட்டிங் ரிங்குகள் (சக்கரக் காலணி அணிந்து சறுக்கி விளையாடும் கூடங்கள்) இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள், கையில் இருப்பதோ ஒரே படம், அது எந்த ரிங்க் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கட்டடத்தை விட்டுவிட்டுப் படத்தில் இருப்பவர்களின் கால்களைப் பாருங்கள். வளைந்து திரும்ப வசதியான நான்கு சக்கர ஸ்கேட்டுக்கு அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன் 1863-ல் காப்புரிமை வாங்கினார். ரிங்குகள் பெருகியதே அதன் பிறகுதான். பளிச்சென்ற நிறத்தில் பாலியூரித்தேன் (ஒருவகை பிளாஸ்டிக்) சக்கரங்கள் தெரிந்தால் படம் 1970-களுக்கு முந்தையதாக இருக்காது. மரமோ உலோகமோ என்றால் அதற்கு முந்தைய காலமாக இருக்கலாம்.

இந்த மோகம் அலை அலையாக வந்து போனது: 1870, 80-களில் ஒன்று, 1900-களின் முதல் பத்தாண்டில் ஒன்று, 1970-களின் பிற்பகுதி டிஸ்கோ காலத்தில் இன்னொன்று. உங்கள் மூன்று ரிங்குகளும் ஒரே சமயத்தில் இயங்கியிருக்க வேண்டும் என்பதில்லை.

இடத்தைப் பிடிக்க, பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள் (தீ அபாயத்தைக் கணக்கிடக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை) கிடைத்தால் அவற்றைத்தான் முதலில் தேடுவேன். கட்டடத்தின் பயன்பாட்டையே அதில் எழுதியிருப்பார்கள். அப்புறம் செய்தித்தாள் விளம்பரங்கள். மோகம் அடங்கியதும் நடுவில் தூணில்லாத அந்தப் பெரிய கூடங்கள் பல திரையரங்காகவும் வாகனக் கொட்டகையாகவும் மாறின. அதனால் "ரிங்க்" என்று மட்டும் தேடாதீர்கள், அதே முகவரியில் பிறகு என்ன இருந்தது என்றும் பாருங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள்.